புஷ்பமேரி அக்கா உட்கார்ந்த நாள்

எங்கள் லயத்தில் வரிசையாக எட்டு வீடுகள். என் வீட்டுக்கும் புஷ்பமேரி அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே திறந்துதான் கிடக்கும். கட்டியவர்கள் செங்கல்லை மிச்சம் பிடித்தார்களோ, தோட்டத்துச் சனத்துக்கு இது போதும் என்று விட்டார்களோ, அவர்களுக்கே வெளிச்சம். அவர்கள் வீட்டு மத்தி மீன் குழம்பு எனக்கு மணக்கும், என் வீட்டுச் சண்டை அவர்களுக்குக் கேட்கும். பதினோரு வருடமாக இப்படி ஒட்டிக்கொண்டு வாழ்கிறோம். அதனால் அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

சாந்தன்பாறைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் நாங்கள் காய் எடுக்கிறவர்கள். அக்கா பதினெட்டு வயதில் கூடையை இடுப்பில் கட்டியவர். இப்போது நாற்பத்தேழு. அவர் வீட்டுக்காரர் பாஸ்கல் அண்ணன் காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். முதுகுத் தண்டில் அடிபட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறார். சமையல் அவர்தான். அவரிடம் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் ஒரே மருந்து வைத்திருப்பார்: "விடு புள்ள." கூரை ஒழுகினாலும் விடு, குரங்கு வந்து சோற்றுப் பானையை உருட்டினாலும் விடு.

அக்கா விடுகிற ஆள் இல்லை. அவருக்கு வாய் நீளம் என்று தோட்டத்தில் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அவர் வாய் சரியான அளவுதான், கேட்கிறவர்களுக்குக் காது சின்னது. குழாயில் இருபது நிமிடம்தான் தண்ணீர் வரும். அந்த இருபது நிமிடத்தில் முதல் வீட்டுக்காரி கம்பளி அலசினால் அக்கா கேட்பார். மழைக்காலத்தில் நான்கு நாள் ஆனாலும் துணி காயாது. ஈரப் பாவாடையோடு மலையேறும்போது அந்த மழையையும் திட்டுவார். காலில் அட்டை ஏறினால் அதைப் பிடுங்கிப் போடுவதற்கு முன்னால் அதன் வம்சத்தையே விசாரிப்பார். திட்டி முடித்ததும் சிரித்துவிடுவார். அவருக்கு அதுதான் மூச்சு.

எங்கள் சூப்பர்வைசர் ஜின்சனுக்கு இருபத்தொன்பது வயது. அக்காவை அவன் "அம்மச்சி" என்றுதான் கூப்பிடுவான். பாட்டி என்று அர்த்தம். ஒரு தடவை அக்கா திருப்பிக் கேட்டார், "சாரே, ஒங்க அம்மைக்கு என்ன வயசு?" என்று. ஐம்பத்தைந்து என்றான். "அப்ப நான் ஒங்களுக்குச் சித்தி. சித்தின்னு கூப்பிடுங்க" என்றார். அன்றிலிருந்து அக்காவுக்கு ஓடைப் பக்கத்து வரிசைதான் கிடைத்தது. அங்கேதான் அட்டை அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மலையில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. ஆண்கள் எந்த மரத்தடியிலும் நிற்பார்கள். நாங்கள் காலை எட்டு மணிக்கு ஏறினால் சாயங்காலம் நாலரைக்குத்தான் இறங்குவோம். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் உண்டு, பூட்டியிருக்கும். சாவி ஜின்சனின் பெல்ட்டில் தொங்கும். அது ஸ்டாஃபுக்கு. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருப்பதை நாங்கள் ஒரு கஷ்டமாகவே எண்ணியதில்லை. பழகிப்போனது என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

ஆடி மாதம், விடாத மழை. ஒரு சாயங்காலம் ஸ்டோரில் உடம்பு பரிசோதனை முகாம் என்றார்கள். சுகாதாரத் துறையிலிருந்து ரிஞ்சு என்று ஒரு சின்ன வயது நர்ஸ் வந்திருந்தாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவள் அவசரத்தில் இருந்தாள். நாங்கள் நாற்பது பேர். ஸ்டோரில் இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் நர்ஸ், இன்னொன்றில் ஜின்சன். தொழிலாளி அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்காரக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. காய் எடை போடும் இடத்தில் ஸ்டாஃப் முன்னால் நின்றுதான் பழக்கம், எங்கள் அம்மாக்களும் நின்றார்கள், நாங்களும் நின்றோம். அன்றும் வரிசையில் நின்றபடி ஆளுக்கொரு கையை நீட்டினோம். நர்ஸ் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றி அமுக்கி அமுக்கி எழுதிக்கொண்டே போனாள்.

அக்கா அப்போதுதான் மேல் மலையிலிருந்து காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கியிருந்தார். மூட்டையைப் போட்டார், பால் விடாத கட்டன் சாயா ஒரு டம்ளரை மடமடவென்று குடித்தார், வந்து கையை நீட்டினார். நூற்று அறுபத்தெட்டு, நூற்று நான்கு.

ஜின்சன் எட்டிப் பார்த்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான். "எந்தா அம்மச்சி, குக்கர் மாதிரி விசில் அடிக்கப் போகுதா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மறுநாள் ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அடுத்த மாத முகாமிலும் பிரஷர் இப்படியே இருந்தால் அக்காவை மலைக்கு அனுப்ப முடியாது, விழுந்து கிழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது என்று. கேட்க அக்கறை மாதிரித்தான் இருந்தது. ஆனால் மலைக்குப் போகாவிட்டால் வேறு வேலை கிடையாது. ஸ்டோரில் காய் பிரிக்கிற வேலையைக் காண்ட்ராக்ட்டுக்கு விட்டு மூன்று வருடமாகிறது. பெர்மனென்ட் புத்தகத்தில் பேர் வெட்டப்படும். பேர் போனால் லயத்து வீடும் போகும். பாஸ்கல் அண்ணன் பேர் ஏற்கெனவே போய்விட்டது. அந்த வீடு அக்காவின் பேரில்தான் நின்றது.

சாந்தன்பாறைக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாமே என்று நான் சொன்னேன். "அதுக்கு ஒரு நாள் லீவு போடணும். போட்டா, பாத்தியா அம்மச்சிக்கு முடியலன்னு அவன் எழுதிக்கிருவான்" என்றார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை அங்கே பார்க்க ஆள் இருக்காது. அதோடு முகாமில் எழுதுகிற கணக்குதான் கணக்கு என்று ஆபீசில் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்.

முகாம் அன்றைக்கு நர்ஸ் ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்திருந்தாள், மலையாளத்தில். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் பத்து வரை படித்தவள். அக்கா என்னிடம் கொண்டுவந்தார். மேலே ஒரு பெண் கண்ணை மூடிச் சிரிக்கிற படம். நான் வாசித்துச் சொன்னேன்: சின்னச் சின்ன எரிச்சல்களை மனதில் ஏற்றாதீர்கள். கோபம் வந்தால் பத்து வரை எண்ணுங்கள். இனிமையான பாட்டு கேளுங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள்.

"நடக்கணுமாமா? நாம காலைல இருந்து என்ன, கட்டில்லயா படுத்திருக்கோம்?" என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆனால் பயம் பயம்தான். அந்த ஒரு மாதமும் எல்லாரும் அக்காவுக்கு ஒரே புத்திமதியைச் சொன்னார்கள்: வாயை அடக்கு, பிரஷர் இறங்கும். பாஸ்கல் அண்ணன் சொன்னார். முதல் வீட்டுக்காரிகூடச் சொன்னாள், அவளுக்கென்ன, கம்பளியை நிம்மதியாக அலசலாம். எங்களிலேயே மூத்தவர் சிசிலி அக்கா, அவரும் சொன்னார். நானும் சொன்னேன். உப்பைக் குறைத்து, பூண்டைப் பச்சையாக மென்று, புஷ்பமேரி அக்கா வாயை மூடிக்கொண்டார்.

மூன்று வாரம். ஜின்சன் ஓடைப் பக்கத்து வரிசையை மறுபடியும் மறுபடியும் கொடுத்தான், அக்கா பேசவில்லை. "அம்மச்சி இப்ப நல்ல குட்டி ஆயிட்டாங்க" என்றான், பேசவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு மட்டும் அசையும். மழைக்குத் தலையில் போட்டுக்கொள்கிற பிளாஸ்டிக் தாளை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாதாரண நாளாக இருந்தால் அந்த ஆளைக் கண்டுபிடித்து மூன்று தலைமுறைக்குக் கேட்டிருப்பார். அன்றைக்கு நனைந்துகொண்டே காய் எடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போனது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

முகாமுக்கு நான்கு நாள் இருந்தது. சாயங்காலம் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"சித்ரா, என்னால முடியலடி. வாய மூடுனா எறங்கும்னு சொன்னீக. இங்க நெஞ்சுக்குள்ள எல்லாம் சேந்து கொதிக்குது. தூக்கமே இல்ல. இருபத்தொம்போது வருசமா ஏறுன மல, நாளைக்கு நீ ஆகமாட்டன்னு சொல்லிருவானுக. எங்கிட்டுப் போவேன் அந்த மனுசனக் கூட்டிக்கிட்டு?"

அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மடியிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்தார். மாதா படத்துக்குக் கீழே விரித்து வைத்திருந்ததால் மெழுகு சொட்டிக் கிடந்தது.

"இத முழுசா வாசி. ஒரு எழுத்து விடாத. வேற ஏதாச்சும் வழி போட்டிருக்கான்னு பாரு."

முன்பக்கத்தை வாசித்தேன். பாட்டு, நடை, எண்ணிக்கை. பின்பக்கத்தைத் திருப்பினேன். அதைப் போன தடவை நான் பார்க்கவே இல்லை. பொடி எழுத்தில், ஒரு கட்டத்துக்குள், பிரஷர் எப்படிப் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. பார்ப்பதற்கு முன்னால் சிறுநீர் கழித்துவிட வேண்டும். அரை மணி நேரத்துக்குள் சாயா, காப்பி குடித்திருக்கக் கூடாது. முதுகைச் சாய்த்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க்கும்போது பேசக் கூடாது.

"மறுபடி வாசி" என்றார். வாசித்தேன். "இன்னொருக்கா." வாசித்தேன்.

அக்கா அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், "அப்ப அன்னைக்கு அவுக எம் பிரஷரப் பாக்கல சித்ரா. காலைல இருந்து அடக்கி வெச்சிருந்த மூத்திரத்தப் பாத்திருக்காக. தலையில இருந்து எறக்குன மூட்டையப் பாத்திருக்காக."

எத்தனை வருடமாக நானும் அப்படித்தான் இருக்கிறேன். படிக்கத் தெரிந்தவள் என்று பெருமை வேறு. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு.

மறுநாள் காலையில் ஜின்சன் "எந்தா அம்மச்சி" என்றான். "சித்தி" என்றார் அக்கா, கூடையைக் கட்டிக்கொண்டே. நான் சத்தமாகவே சிரித்தேன்.

முகாம் நாள். எடை முடிந்து எல்லாரும் ஸ்டோரில் வரிசை கட்டினோம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. அதே ரிஞ்சு நர்ஸ், அதே இரண்டு நாற்காலி. முதல் பேரே அக்காவின் பேர். அன்றைக்கு அவர் சாயா குடிக்கவில்லை. வரிசையிலிருந்து வெளியே வந்து ஜின்சன் முன்னால் கையை நீட்டினார்.

"சாவி குடுங்க சாரே."

"என்ன சாவி?"

"பின்னாடி கக்கூஸ் சாவி."

"அது ஸ்டாஃபுக்கு. வீட்டுக்குப் போயி ஒதுங்கிக்கோ. சமயம் இல்ல, சிஸ்டர் வெயிட் செய்யுது."

அக்கா கையை மடக்கவில்லை. நர்ஸ் பக்கம் திரும்பி அந்த மெழுகு சொட்டிய தாளை மேசைமேல் வைத்தார். "சிஸ்டரே, இது நீங்க குடுத்ததுதான. இதுல போட்டிருக்கது நெசமா பொய்யா?"

நர்ஸ் தாளைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது. பாவம், அவளுக்குத் தெரியாமலா இருக்கும். ஒரு சாயங்காலத்தில் நாற்பது பேர், கடைசி பஸ், மேலே ஒரு அதிகாரி. தெரிந்ததைச் செய்ய யாருக்கு நேரம் கொடுக்கிறார்கள்?

"நெசம்தான் சேச்சி" என்றாள்.

"அப்ப அன்னைக்கு என்னைய நிக்க வெச்சுத்தான பாத்தீக? மூட்டைய எறக்குன கையோட?"

நர்ஸ் ஜின்சன் பக்கம் திரும்பி மலையாளத்தில் என்னவோ சொன்னாள். எனக்குச் சொல் கேட்கவில்லை, ஆனால் குரல் கண்டிப்பாக இருந்தது. ஜின்சன் பெல்ட்டிலிருந்து சாவியை அவிழ்த்தான். கையில் கொடுக்கவில்லை, மேசைமேல் போட்டான். அக்கா எடுத்துக்கொண்டு பின்னால் போனார். ஒரு பெண் கக்கூஸுக்குப் போய்விட்டு வருவதற்காக ஒரு தோட்டமே காத்திருந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நேராக ஜின்சனின் நாற்காலி பக்கத்தில் போய் நின்றார்.

"எந்திரிங்க சாரே. சாஞ்சு ஒக்காரணுமாம்."

"அங்க கவுத்துப் போட்ட கூடையில இரி."

"கூடையில சாய முடியாது."

அவன் எங்களைப் பார்த்தான், யாராவது சிரிப்பார்கள் என்று. யாரும் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் திமிரு" என்று சொல்லிக்கொண்டே எழுந்தான். அவனையும் மேலே ஒருத்தர் அதட்டுவார், எனக்குத் தெரியும். ஆனால் அவனுக்காக வருத்தப்பட அன்றைக்கு என்னிடம் மனசு மிச்சம் இல்லை.

புஷ்பமேரி அக்கா உட்கார்ந்தார். ஈரச் சேலையோடு, சேறு ஒட்டிய இரண்டு பாதத்தையும் சிமெண்டுத் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, ஏலக்காய்க் கறை படிந்த கையை மேசைமேல் வைத்தார். நர்ஸ் போனில் ஐந்து நிமிடம் வைத்தாள். ஜின்சன் சும்மா இருக்கவில்லை. இதெல்லாம் மேனேஜருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று பொருமிக்கொண்டே இருந்தான். அக்கா வாயில் விரலை வைத்துக் காட்டினார். பேசக் கூடாது என்றுதானே போட்டிருக்கிறது. நர்ஸ் நிமிர்ந்து, "சாரே, ஒண்ணு புறத்து போ" என்றாள். அவன் வெளியே போய்ச் சாரலில் நின்றான்.

அந்த ஐந்து நிமிடமும் ஸ்டோருக்குள் அடுப்பு எரிகிற சத்தம் மட்டும்தான். இத்தனையும் செய்து, கடைசியில் நூற்று அறுபத்தெட்டே வந்துவிட்டால்? வீடு போகும். மானமும் போகும். இனி எங்களில் ஒருத்தியும் ஜென்மத்துக்கும் சாவி கேட்கமாட்டாள். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். உதடு அசையவில்லை, பத்து வரை எண்ணவில்லை.

போன் மணி அடித்தது. நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். காற்றை இறக்கினாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தாறு" என்றாள். "கொஞ்சம் கூடுதல்தான் சேச்சி. உப்பு குறைக்கணும். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஆனா மலையேறலாம், வேலை செய்யலாம்."

ஜின்சன் உள்ளே வந்துவிட்டான். மெஷினில் ஏதோ கோளாறு என்று, நிற்க வைத்து மறுபடி பார்க்கச் சொன்னான். நர்ஸ் அதற்குள் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். "எழுதியாச்சு சாரே" என்றாள். தாளை அவனிடம் கொடுக்காமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அக்கா எழுந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவில்லை. சாவியை ஜின்சனிடம் கொடுப்பார் என்று நினைத்தேன். வரிசையில் அடுத்து நின்ற சிசிலி அக்காவின் கையில் கொடுத்தார். சிசிலி அக்காவுக்கு அறுபது வயதாகப் போகிறது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

"எல்லாருக்குமா?" என்று கத்தினான் ஜின்சன். "ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னா நாற்பது பேருக்கு எத்தனை மணி ஆகும்? சிஸ்டரோட பஸ் போயிடும்!"

"தோட்டத்து ஜீப் சும்மாதான நிக்குது" என்றார் புஷ்பமேரி அக்கா. "சிஸ்டரக் கொண்டுபோயி விடுங்க."

சிசிலி அக்கா வந்து உட்கார்ந்தார், எழுந்தார். மூன்றாவது ஆள் நான். போன மாதம் எனக்கு நூற்று நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தார்கள், நானும் நின்றபடி தலையாட்டியிருந்தேன். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினோரு வருடமாகத் தினமும் மூட்டை இறக்குகிற இடம். உட்கார்ந்து பார்த்தால் வேறு இடம் மாதிரி இருந்தது. நிற்கிறவர்களின் முகம் எல்லாம் தெரிந்தது. ஜின்சன் முகமும் தெரிந்தது, அவன் நின்றுகொண்டிருந்தான். முதுகு சாய்ந்ததும் இடுப்பிலிருந்து பிடரி வரைக்கும் ஒவ்வொரு எலும்பாக வலி இறங்கியது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜின்சன் வாட்சைப் பார்த்து உச்சுக் கொட்டினான். நர்ஸ் பாவம், அவனைப் பார்த்துவிட்டுப் பட்டையைக் கையில் எடுத்தாள். "பார்க்கலாமா சேச்சி?" என்றாள்.

நான் அவள் போனை எட்டிப் பார்த்தேன்.

"இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு சிஸ்டரே" என்றேன்.